கம்பெனி சொல்ற மைலேஜ் நம்ம ரோட்டில் ஏன் வருவதில்லை?

டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் செடானின் மைலேஜ் எவ்வளவு? இந்தியாவில் கேட்டால், லிட்டருக்கு 25.49 கிலோமீட்டர். அமெரிக்காவில் கேட்டால், அதே தலைமுறை கேம்ரியில் மிகச் சிக்கனமான ரகத்துக்கே கேலனுக்கு 51 மைல்தான். நம்ம கணக்குக்கு மாற்றினால், லிட்டருக்கு சுமார் 21.7 கிலோமீட்டர். பெரிய சக்கரமும் கூடுதல் வசதிகளும் கொண்ட மேல் ரகங்களுக்கு அங்கே 20-க்குப் பக்கத்தில்தான் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு நாட்டிலும் 2.5 லிட்டர் பெட்ரோல் ஹைபிரிட்தான். டிராஃபிக், வெயில், ஸ்பீடு பிரேக்கர் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், நம்ம ஊரில்தான் எண் குறைவாக இருக்க வேண்டும். ஆனால், இங்கேதான் அதிகமாக இருக்கிறது. வித்தியாசம் காரில் இல்லை, காரைச் சோதிக்கும் முறையில் இருக்கிறது.

குடும்பத்துக்காகப் பெரிய செடான் வாங்கும் பலரும், இஎம்ஐ-யோடு சேர்த்து மாதப் பெட்ரோல் செலவையும் இந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு முதல் மாதமே உதைக்கிறது. “உங்க டிரைவிங் அப்படி சார்” என்று சர்வீஸ் சென்டரில் பதில் வருகிறது. ஓட்டும் விதமும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், பெரிய காரணம் சோதனையின் விதிகளில் இருக்கிறது. அந்த விதிகளை மாற்ற முடியும். மற்ற நாடுகளில் மாற்றியும் இருக்கிறார்கள்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது?

ஷோரூமில் ‘ஏஆர்ஏஐ மைலேஜ்’ என்கிறார்களே, அது புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகத்தின் சுருக்கப் பெயர். மானேசர், நம்ம ஒரகடம் போன்ற இடங்களிலும் வாகனச் சோதனை மையங்கள் உண்டு. எங்கே சோதித்தாலும் முறை ஒன்றுதான். கார் ரோட்டுக்கே போகாது. ஓர் அறைக்குள், சுழலும் உருளைகள் மேல் சக்கரங்களை நிறுத்தி ஓட்டுவார்கள். ஓட்டுநர் முன்னால் ஒரு திரை இருக்கும். அதில் ஓடும் வேகக் கோட்டை அப்படியே பின்தொடர்வதுதான் அவர் வேலை. காற்றும் ரோடும் தரும் எதிர்ப்பை உருளைகள் கொடுக்கும்.

இன்னொரு சுவாரசியம்: இதில் பெட்ரோலை அளப்பதில்லை. சைலன்சரில் வரும் புகையைப் பைகளில் பிடித்து, அதில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு பெட்ரோல் எரிந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். முறை துல்லியமானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல், அந்தத் திரையில் ஓடும் கோட்டில் இருக்கிறது.

அந்தக் கோட்டுக்கு ‘மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி’ என்று பெயர். பெயரில் இந்தியா இருந்தாலும், அது ஐரோப்பாவின் பழைய என்இடிசி சோதனையிலிருந்து வந்தது. மொத்தம் 20 நிமிடத்துக்கும் குறைவு. 11 கிலோமீட்டர்கூட இல்லை. சராசரி வேகம் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர். உச்சபட்ச வேகம் 90. ஐரோப்பிய மூலத்தில் 120 வரை போனதை, இந்தியாவுக்காக 90-ல் வெட்டினார்கள். மூலத்தை வைத்திருந்த ஐரோப்பாவோ, இது நிஜத்தைக் காட்டவில்லை என்று 2017-லிருந்து வேறு சோதனைக்கு மாறத் தொடங்கிவிட்டது.

சோதனையில் இல்லாத நம்ம ஊர்

முதலில் ஏசி. நாம் ஷோரூமில் பார்க்கும் எண்கள் ஏசி ஆஃப் செய்து எடுத்தவை. சென்னையிலோ மதுரையிலோ ஏசி போடாமல் குடும்பத்தோடு செடானில் போகிறவர் யார்? அமெரிக்காவில் லேபிள் எண்ணுக்கான சோதனைகளில் ஒன்று, 35 டிகிரி வெப்பத்தில் ஏசி போட்டு நடத்தப்படுகிறது. 35 டிகிரி அவர்களுக்குத் தனியாகச் சோதிக்க வேண்டிய நிலைமை, நமக்கு மார்ச் மாதத்து மத்தியானம். அந்த நிலைமை நம்ம எண்ணில் இல்லை.

அடுத்தது, வண்டியை எடுக்கும் வேகம். சோதனையின் நகரப் பகுதியில், நின்ற இடத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்கிறார்கள். கிண்டி சிக்னலில் பச்சை விழுந்ததும் 26 விநாடியில் நிதானமாக 50-ஐத் தொட்டுப் பாருங்கள். பின்னால் இருந்து வரும் ஹாரன் சத்தம், அந்தச் சோதனைக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரத்தைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, நெடுஞ்சாலை. சென்னை - திருச்சி நான்குவழிச் சாலையில் கார்களுக்கான வேக வரம்பே 100. சோதனையோ 90-ல் முடிகிறது, அதுவும் கொஞ்ச நேரம்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்பில் ஏறும். 90-ல் போகும் காரைவிட 110-ல் போகும் காரைக் காற்று சுமார் 49 சதவீதம் அதிக விசையோடு பிடித்து இழுக்கும். வெறும் 20 கிலோமீட்டர் வேகத்துக்குத் தரும் விலை இது.

நான்காவது, நெரிசல். சோதனையிலும் கார் அவ்வப்போது நிற்கும். ஆனால், சாயங்காலம் ஓஎம்ஆரில் ஊர்ந்து போகும் காருக்கு அந்த 32 கிலோமீட்டர் சராசரி ஒரு கனவு. நின்றபடி ஓடும் என்ஜினின் மைலேஜ் பூஜ்யம். அதோடு ஏசியும் ஓடினால், நகராமலேயே பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும்.

இதெல்லாம் போக, எரிபொருளே மாறியிருக்கிறது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. சாதாரணப் பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு ஏற்றபடி சரிசெய்த கார்களில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. இ20-க்கு ஏற்றபடி சரிசெய்த புதிய கார்களில் இழப்பு 1 முதல் 2 சதவீதம்தான். ஆனால், பழைய கார் வைத்திருப்பவரின் கையேட்டில் இருக்கும் எண், இந்த மாற்றத்துக்கு முன்னால் எழுதியது.

பெரிய செடானுக்கு ஏன் அதிகம் உறைக்கிறது?

சின்ன ஹேட்ச்பேக்குக்கும் இந்த இடைவெளி உண்டு. ஆனால், பெரிய செடானில் மூன்று விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன.

ஒன்று, எடை. ஒன்றரை டன் காரில் ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறினால், ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் அத்தனை எடையையும் என்ஜின் புதிதாகத் தள்ள வேண்டும். மெதுவாகக் கிளப்பும் சோதனையில் அந்தச் சுமை அவ்வளவாகத் தெரியாது.

இரண்டு, டர்போ. பெரிய என்ஜினுக்குப் பதிலாக, சிறிய என்ஜினோடு டர்போவைச் சேர்ப்பது இப்போதைய வழக்கம். சோதனை அறையின் மிதமான ஓட்டத்தில் டர்போவுக்கு வேலை குறைவு. கார் சின்ன என்ஜின் கார் மாதிரியே சிக்கனமாக ஓடிவிடும். நெடுஞ்சாலையில் லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதுதான் டர்போ முழுசாக விழிக்கும், பெட்ரோலும் அதற்கேற்ப இறங்கும்.

மூன்று, ஹைபிரிட். குறைந்த வேகம், அடிக்கடி நிறுத்தம் என்று இருக்கும் சோதனை ஹைபிரிட்டுக்கு என்றே செய்தது போல இருக்கும். பிரேக் போடும்போது சேமிக்கும் மின்சாரத்தில் கொஞ்ச தூரம் போய்விடலாம். 110-ல் நேராக ஓடும் நெடுஞ்சாலையில் பிரேக்கும் இல்லை, சேமிப்பும் குறைவு. அதற்காக ஹைபிரிட் வீண் என்று சொல்லவில்லை. நகர நெரிசலில் சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கின் மைலேஜ் சரியும் அளவுக்கு ஹைபிரிட்டின் மைலேஜ் சரியாது. அதாவது, அந்த ஒற்றை எண் சில நேரம் ஹைபிரிட்டை உயர்த்திக் காட்டும், சில நேரம் அதன் உண்மையான லாபத்தை மறைக்கும்.

‘எல்லா காருக்கும் ஒரே சோதனைதானே?’

கம்பெனிகள் தரப்பின் வலுவான வாதம் இது. “எண்ணை அப்படியே எடுத்துக்காதீங்க. ஒப்பிடறதுக்குத்தான் அது. எல்லா காரும் ஒரே பரிட்சை எழுதுது.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பொதுவான சோதனை ஒன்று கட்டாயம் வேண்டும். ஆளாளுக்கு ரோட்டில் ஓட்டி எண் சொன்னால் சந்தைக்கடைதான்.

ஆனால், இந்த வாதம் நிற்க ஒரு நிபந்தனை உண்டு. எல்லா காருக்கும் எண் ஒரே அளவில் குறைய வேண்டும். எல்லோரும் 20 சதவீதம் குறைந்தால், வரிசை மாறாது. நிஜத்தில் அப்படி இல்லை.

ஐரோப்பாவில் 2021 முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும், எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்று பதிவு செய்யும் வசதி கட்டாயம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களின் அந்தப் பதிவுகளை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல் கார்கள் அதிகாரபூர்வ எண்ணைவிட சுமார் 24 சதவீதம் அதிகம் குடித்தன. டீசல் கார்கள் 18 சதவீதம். சார்ஜ் போட்டு ஓட்டும் பிளக்-இன் ஹைபிரிட்டுகளோ மூன்றரை மடங்கு! ஷோரூமில் முதலிடத்தில் இருக்கும் கார், ரோட்டில் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் புதிய, கடுமையான சோதனைக்குப் பிறகு. நம்ம சோதனையின் மூலமான என்இடிசி காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து கணக்கிட்டது. 2001-ல் சுமார் 9 சதவீதமாக இருந்த இடைவெளி, 2016-ல் சுமார் 42 சதவீதமானது. ஓட்டுநர்கள் 15 வருடத்தில் அவ்வளவு மோசமாகிவிட்டார்களா என்ன? கார்கள் அந்தப் பரிட்சைக்கு மட்டும் நன்றாகத் தயாராகிவிட்டன. நம்ம பள்ளிக்கூடங்களில் ‘புளூபிரிண்ட்’ பார்த்துப் படிப்பது மாதிரிதான்.

தயாராவதற்குக் காரணமும் இருக்கிறது. இந்தியாவில் 2022-23 முதல், ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு கிலோமீட்டருக்கு சுமார் 113 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பதும் இதே ஆய்வக எண்தான். எனவே, அந்த எண் விளம்பரத்துக்கு மட்டும் உதவுவதில்லை, அபராதத்திலிருந்தும் காப்பாற்றுகிறது.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

அமெரிக்க வாங்குபவர்களுக்கும் இதே புகார் இருந்தது. அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ, 1985-லேயே ஆய்வக எண்ணை அப்படியே ஒட்டாமல் நகருக்கு 10 சதவீதம், நெடுஞ்சாலைக்கு 22 சதவீதம் குறைத்து ஒட்ட வைத்தது. 2008 மாடல்களிலிருந்து அதுவும் போதாது என்று, அதிவேக ஓட்டம், ஏசி, கடுங்குளிர் என்று மூன்று சோதனைகளைக் கூடுதலாகக் கணக்கில் சேர்த்தது. கேம்ரியின் எண் அங்கே குறைவாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

அப்படியும் தப்பு நடந்தது. ஃபோர்டு ஃப்யூஷன் ஹைபிரிட் என்ற குடும்ப செடானுக்குக் கேலனுக்கு 47 மைல் என்று லேபிள் ஒட்டப்பட்டது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர். ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை 2012-ல் சொந்தமாகச் சோதித்தபோது கிடைத்தது 39 மைல், அதாவது 16.6 கிலோமீட்டர். 2014-ல் கம்பெனியே லேபிளை 42 மைலாகக் குறைத்தது. ஆய்வக உருளைகளில் எவ்வளவு எதிர்ப்பு வைக்க வேண்டும் என்ற கணக்கில் பிழை என்று விளக்கம் தந்தது. எண் குறைக்கப்பட்ட கார்களின் உரிமையாளர்களுக்கு, மாடலைப் பொறுத்து 125 முதல் 1,050 டாலர் வரை பணமும் கொடுத்தது.

அதற்கு முன்பே, 2012 நவம்பரில், ஹூண்டாயும் கியாவும் சுமார் ஒன்பது லட்சம் கார்களின் மைலேஜ் எண்களைக் குறைக்க வேண்டி வந்தது. வாங்கியவர்கள் புகார் செய்ய, இபிஏ சோதித்துப் பார்க்க, தவறு வெளியே வந்தது. 2014-ல் 10 கோடி டாலர் அபராதம்.

இரண்டு சம்பவத்திலும் முக்கியமானது ஒன்றுதான்: லேபிள் எண்ணுக்கு யாரோ பொறுப்பேற்க வேண்டியிருந்தது. சந்தேகம் வந்தால் திரும்பச் சோதிக்க ஒரு அமைப்பு இருந்தது. குறைந்தால் பணம் திரும்பி வந்தது.

இங்கே யார் பொறுப்பு?

நம்ம ஊரில் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் எண். ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் எறும்பு அளவு எழுத்தில் ‘சோதனை நிலைமைகளுக்கு உட்பட்டது’. அதோடு முடிந்தது.

முழுசாகக் கதவு மூடியிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஃபோர்டு கிளாசிக் டீசல் செடான் வாங்கிய ஒருவர், விளம்பரத்தில் லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று சொன்னது கிடைக்கவில்லை என்று கேரளாவின் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நிபுணரை வைத்து ஓட்டிப் பார்த்ததில் 19.6 கிலோமீட்டர்தான் வந்தது. சொன்னதைவிட சுமார் 40 சதவீதம் குறைவு. 2022-ல் ஆணையம் அவருக்கு 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால், அவர் கார் வாங்கியது 2014-ல். எட்டு வருடம் காத்திருக்க எத்தனை பேரால் முடியும்? வாங்குபவர் ஒவ்வொருவரும் வழக்குப் போட்டு உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், அந்த ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறது.

‘ரோட்டில் சோதிப்பது நடக்கிற காரியமா?’ என்ற கேள்விக்கும் பதில் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், பிஎஸ்6 இரண்டாம் கட்ட விதிகளின்படி, காரின் பின்னால் கருவியை மாட்டி நிஜ ரோட்டில் ஓட்டி, புகை மாசை அளக்கிறோம். மாசுக்கு ரோட்டுக்குப் போகும் கார், மைலேஜுக்கு மட்டும் ஏன் ஏசி போடாமல் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்?

கேட்க வேண்டியவை மூன்று. ஏசி போட்டு எடுத்த எண்ணே ஒட்டப்பட வேண்டும். நகரத்துக்குத் தனி, நெடுஞ்சாலைக்குத் தனி. விற்ற பிறகு, சந்தையிலிருந்து சில கார்களை எடுத்து அரசு மைலேஜைத் திரும்பச் சோதிக்க வேண்டும். குறைந்தால் எண்ணும் மாற வேண்டும், வாங்கியவருக்குப் பணமும் வர வேண்டும். மூன்றாவது, ஐரோப்பாவைப் போல, காரின் கம்ப்யூட்டரே பதிவு செய்யும் எரிபொருள் கணக்கை, உரிமையாளரின் அடையாளம் இல்லாமல் மாடல் வாரியாக வெளியிட வேண்டும். கனெக்டட் கார் என்று விற்கும்போது நம்மிடமிருந்து போகிற தகவலில், நமக்குப் பயன்படும் இந்த ஒன்றாவது திரும்பி வரட்டும்.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், பட்ஜெட். பழைய ஐரோப்பியச் சோதனையின் 42 சதவீத இடைவெளியை அப்படியே பொருத்தினால், லேபிளில் 20 என்று இருக்கும் கார் ரோட்டில் 14 தரும். இதை மோசமான நிலைக்கான கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று எளிதாக வைத்தால், 20-க்கு 5,000 ரூபாய். 14-க்கு 7,143 ரூபாய். வித்தியாசம் மாதம் 2,143. ஐந்து வருட லோன் முடியும்போது ஏறக்குறைய 1 லட்சத்து 28 ஆயிரம். இன்னொரு ரகத்துக்கு மேலே போகலாமா என்று யோசிக்கும்போது இந்தத் தொகை கண்ணில் படட்டும்.

இரண்டாவது, ‘லிட்டருக்கு இத்தனை’ என்ற அளவை நம்பி ஒப்பிடாதீர்கள். 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள். 20 தரும் கார் 24 தந்தால் மிச்சம் 8 லிட்டர். 10 தரும் கார் 12 தந்தால் மிச்சம் 17 லிட்டர். பார்வைக்கு நாலு பெரிசு, ரெண்டு சின்னது. பர்சுக்கு நேர்மாறு.

இதே கணக்கை ஹைபிரிட்டுக்கும் போடுங்கள். லேபிளில் 18 தரும் ஆட்டோமேட்டிக்குக்குப் பதில் 27 தரும் ஹைபிரிட் என்றால், 1,000 கிலோமீட்டருக்கு சுமார் 18.5 லிட்டர் மிச்சம். நெரிசலில் அது 11-க்கும் 20-க்குமான போட்டியாக மாறினால், மிச்சம் சுமார் 41 லிட்டர். எனவே, கூடுதல் லட்சங்களைக் கொடுக்கும் முன், உங்கள் ஓட்டம் தினமும் நகரத்திலா, வாரக் கடைசியில் நெடுஞ்சாலையிலா என்று பாருங்கள். பதில் அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டோடு முடிக்காதீர்கள். நீங்கள் தினமும் போகும் ரூட்டில், நீங்கள் போகும் நேரத்தில், ஏசி போட்டு, மீட்டரை ரீசெட் செய்து ஓட்டக் கேளுங்கள். அரை மணி நேரம் போதும். ஏற்கெனவே அதே காரை, அதே என்ஜின், கியரோடு வைத்திருப்பவரிடம் விசாரிப்பது இன்னும் நல்லது.

கார் வந்த பிறகு, டேஷ்போர்டு காட்டும் மைலேஜை மட்டும் நம்ப வேண்டாம். அது கொஞ்சம் தாராளமாகக் காட்டுவது வழக்கம். ஆட்டோ கட் ஆகும்வரை டேங்க் ஃபுல் பண்ணுங்கள். டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். 400, 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, அதே பங்கில் மறுபடி ஆட்டோ கட் வரை போடுங்கள். ஓடிய தூரத்தை, இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவது உங்கள் நிஜ மைலேஜ். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பில்களைப் பத்திரமாக வையுங்கள். எண் ரொம்பவே குறைந்தால், முதலில் டயர் காற்றைப் பாருங்கள், அப்புறம் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அமெரிக்காவில் ஒன்பது லட்சம் கார்களின் லேபிள் மாறியதற்கும் தொடக்கம் இப்படிப்பட்ட புகார்கள்தான். ‘இவ்ளோதான் வரும் போல’ என்று நாம் விட்டுவிடும் வரைக்கும், அந்த நட்சத்திரக் குறி நம்ம விளம்பரங்களில் அப்படியேதான் இருக்கும்.